கம்பியில்லா மீட்டர்: கணக்கைப் பார்ப்பது யார்?

முன்பெல்லாம் மாதக் கடைசியில் ஆபீஸ் பையன் ஒரு கையில் டார்ச் லைட்டும் மறுகையில் நோட்டுப் புத்தகமுமாக லயத்துக்கு வருவான். வீடு வீடாக மீட்டரை எட்டிப் பார்த்து, "அக்கா, முந்நூத்தி நாப்பத்திரண்டு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவான். நம் வீட்டுப் பெண்கள் அதைக் காலண்டரில் குறித்துக்கொள்வார்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் கூடிப் போயிருந்தால் காலண்டரைக் கிழித்து எடுத்துக்கொண்டு கிராணியிடம் போய்ச் சண்டை போட்டவர்களும் உண்டு.

இன்று சில தோட்டங்களில் அந்தப் பையன் வருவதில்லை. எண் மட்டும் ஆபீசுக்குப் போய்விடுகிறது. பட்டணத்து அடுக்குமாடிகளிலும் வாடகை அறைகளிலும் சில காலமாக இருந்துவரும் கம்பியில்லா மீட்டர் இப்போது லயத்துக்கும் வந்திருக்கிறது.

"கம்பியும் இல்ல, ஆளும் இல்ல, அப்புறம் எப்படிங்க கணக்கு போகுது? நெனச்ச நம்பர போட்டுக்கிறானுங்களா?" என்று ஒரு கிளைக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் பிள்ளைகளாக இருந்தபோது இஞ்சின் கரண்டு ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். மீட்டரும் இல்லை, கணக்கும் இல்லை. இன்று கணக்கு இருக்கிறது. அது எங்கே எழுதப்படுகிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

விஷயம் இதுதான். மின்சார நிறுவனம் தோட்டத்துக்கு ஒரு பெரிய மீட்டர் வைத்து மொத்தமாக பில் அனுப்புகிறது. அதற்குக் கீழே வீட்டுக்கு ஒன்றாக நிர்வாகம் வைப்பது கிளை மீட்டர். மலாக்காவில் ஆரம்பித்து தெனாகா நேஷனல் தன் வாடிக்கையாளர் வீடுகளில் மாட்டிவரும் ஸ்மார்ட் மீட்டர் வேறு, இது வேறு. இது நிர்வாகத்தின் சொந்தச் சாமான். குழப்பிக்கொண்டு தெனாகா கடையில் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று அளப்பது. நாம் செலவழிக்கிற கரண்டை மீட்டர் அளந்து தன் முகத்தில் எண்ணாகக் காட்டுகிறது. மற்றொன்று அனுப்புவது. சின்ன ரேடியோ ஒன்று அந்த எண்ணையும் மீட்டரின் நம்பரையும் அவ்வப்போது காற்றில் அனுப்புகிறது. தண்ணீர் மீட்டரானால் அந்த ரேடியோ பேட்டரியில் ஓடும். நல்லதாக இருந்தால் பத்து வருஷம் வரைகூடத் தாங்கும். கம்பத்திலோ ஆபீஸ் கூரையிலோ இருக்கும் பெட்டி அதைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குத் தருகிறது. இந்த ரேடியோவால் உடம்புக்குக் கெடுதல் வருமோ என்று தாய்மார்கள் பயப்பட வேண்டாம். நம் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசி இதைவிட அதிக சக்தியோடு பேசுகிறது.

துத்தநாகத் தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் ரேடியோவை மறைக்கும். சில நாள் எண் போய்ச் சேராது. சேராத நாளுக்குக் கம்ப்யூட்டர் உத்தேசமாக ஓர் எண் போட்டாலும் போடலாம். ஆனால் மீட்டரின் முகத்தில் ஏறிய எண் அங்கேயே நிற்கும், தொலைந்து போகாது. எனவே சண்டை என்று வந்தால் பார்க்க வேண்டியது மீட்டரின் முகத்தை. கம்ப்யூட்டர் தாளை அல்ல.

இதை நாம் தெரிந்துகொண்டது ஓர் அம்மாவின் கண்ணீரால்.

ஒரு செம்பனைத் தோட்டம், பெயர் வேண்டாம். விதவை அம்மா ஒருவர் பேரனோடு இருக்கிறார். வீட்டில் மூன்று விளக்கு, ஒரு காற்றாடி, ஒரு டிவி, சின்ன ஐஸ்பெட்டி. பழைய மீட்டரில் மாதம் பதினேழு பதினெட்டு வெள்ளி வந்துகொண்டிருந்தது. புது மீட்டர் வந்த முதல் மாதமே 85 வெள்ளி! இரண்டாம் மாதமும் அப்படியே. ஆபீசில் கேட்டால், "மெஷின் பொய் சொல்லாது அம்மா, நீங்கதான் பார்த்துப் பாவிக்கணும்" என்றார்கள். அந்த அம்மா ஐஸ்பெட்டியை நிறுத்தினார். ராத்திரியில் காற்றாடியை நிறுத்தினார். பேரன் மெழுகுவர்த்தியில் பாடம் படித்தான். மூன்றாம் மாதமும் அதே பிடித்தம்.

பக்கத்து வீட்டில் ஏர்கோன் இருக்கிறது, ஐஸ் விற்கப் பெரிய பெட்டி இருக்கிறது. அவர்களுக்கோ பதினேழு வெள்ளி! "என் கரண்டைத் திருடுறான்" என்று இந்த அம்மா சொல்ல, "வாய அடக்கு கெழவி" என்று அவர் சொல்ல, லயம் இரண்டுபட்டுப் போயிற்று. கோயில் திருவிழாவுக்குக்கூட இரண்டு வீட்டாரும் முகம் பார்க்கவில்லை.

நாம் போன அன்று முதலில் கேட்டது மீட்டர் பெட்டியின் சாவியை. எட்டு வீட்டு மீட்டரும் ஒரே இரும்புப் பெட்டியில், பூட்டுப் போட்டு, சாவி ஆபீசில்! கண்ணாடியும் கிடையாது. மாட்டிய நாள் முதல் தொழிலாளி எவரும் உள்ளே பார்த்ததில்லை. கிராணி வந்து திறந்தார். அந்த அம்மாவின் வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னோம். மீட்டரில் செலவுக்கு ஏற்ப மின்னுகிற சிவப்புப் புள்ளி ஒன்று உண்டு. ஒரு மீட்டரில் அது நின்றது. பேரனே எண்ணைப் படித்தான்: 187. கையில் இருந்த சீட்டில் 912. பக்கத்து மீட்டரைப் பார்த்தால் அதில் 912ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

திருடனும் இல்லை, மெஷினும் பொய் சொல்லவில்லை. மாட்டிய ஆள் எந்த மீட்டர் எந்த வீட்டுக்கு என்று எழுதியபோது இரண்டு நம்பரை மாற்றி எழுதிவிட்டான். அவ்வளவுதான். 725 யூனிட், யூனிட்டுக்கு 28 காசு, ஆக 203 வெள்ளி. ஒரு நிமிஷத்தில் தீர வேண்டியது மூன்று மாதம் ஓடியது, பெட்டி பூட்டியிருந்ததால். பணம் அடுத்த சம்பளத்தில் திரும்ப வந்தது. பக்கத்து வீட்டாரிடம் அதே 203 வெள்ளியை ஒரே மாதத்தில் பிடிக்கப் பார்த்தார்கள். தப்பு அவர் செய்யவில்லையே! ஆறு தவணையாக்க ஒப்புக்கொள்ள வைத்தோம். அவர்தான் ஐஸ்பெட்டியை மறுபடியும் போட அந்த அம்மாவுக்கு உதவினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ஆகவே இந்த மீட்டர் வருகிற தோட்டங்களில் முதல் நாளே ஒவ்வொரு வீட்டுச் சுவிட்சையும் அணைத்து எந்தப் புள்ளி நிற்கிறது என்று கிளைத் தலைவர்கள் பார்த்துவிடுங்கள். சம்பளச் சீட்டில் தொகை மட்டும் போதாது. மீட்டர் நம்பர், போன மாத எண், இந்த மாத எண் மூன்றும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. எல்லாக் கிளை மீட்டரையும் கூட்டினால் பெரிய மீட்டரின் எண்ணுக்குக் குறைவாகத்தான் வரும். தெருவிளக்கு, பம்பு, மண்டபம், கம்பியிலே போகிற நஷ்டம் எல்லாம் அந்த இடைவெளியில் இருக்கிறது. அதை வீட்டுக்கு வீடு பங்கு போட்டு நம் தலையில் கட்டும் வழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. பெரிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். 2025 ஜூலையில் வந்த புதுக் கட்டண முறையில், சொந்த வீட்டுக் கணக்கு உள்ளவர் 600 யூனிட்டுக்குள் செலவழித்தால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கட்ட வேண்டாம். தோட்டத்தின் மொத்தக் கணக்கு வீட்டுக் கணக்காக இல்லாவிட்டால் அந்தச் சலுகை தானாக லயத்துக்கு வந்து சேராது. யூனிட்டுக்கு என்ன விலை, எப்படி வந்தது என்று கேட்பது நம் உரிமை. சம்பளத்தில் எதைப் பிடித்தாலும் அது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவுக்குள் அடங்க வேண்டும்.

தண்ணீர் மீட்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டு வீட்டு வசதித் தரச் சட்டம், அதாவது 446ஆவது சட்டம். மின்சாரம் போதுமான அளவு தர வேண்டும் என்கிறதே தவிர, இலவசம் என்று சொல்லவில்லை. தண்ணீர் மீட்டரால் நல்லதும் உண்டு. எல்லாரும் தூங்குகிற ராத்திரி இரண்டு மணிக்கு எண் ஏறினால் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஒழுகலைப் பிடிக்க மாட்டுகிறார்களா, மாட்டட்டும். பிடித்தம் போடவென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சில மீட்டர்களில் ஆபீசில் இருந்தபடியே கரண்டை நிறுத்தும் வசதியும் இருக்கிறது. தகராறு நேரத்தில் ஒரு விரலை அழுத்தினால் ஒரு லயமே இருட்டாகிவிடும். எந்த மணிக்கு எந்த வீட்டில் விளக்கு எரிந்தது என்றும் அதே கம்ப்யூட்டர் காட்டும். எம்.சி. எடுத்த நாளில் வீட்டில் இருந்தாயா இல்லையா என்று கேட்க இன்னொரு மண்டோர் தேவையில்லை! இந்த இரண்டையும் நாம் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கிறோம்: முன்னறிவிப்பு இல்லாமல் கரண்டு வெட்டக்கூடாது, எண் கணக்குக்கு மட்டுமே.

மேலே சொன்ன தோட்டத்தில் பெட்டிக்கு இப்போது கண்ணாடி போட்டாயிற்று. அதே நிர்வாகத்தின் அடுத்த டிவிஷனிலும் மீட்டர் மாட்டப் போகிறார்கள். அங்கே வரும் பெட்டிகளில் கண்ணாடி உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறோம். "பார்க்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. மாட்டுகிற அன்று நாமும் போய் நிற்கப் போகிறோம்.