செய்தி வரும் வழியும் நம்பிக்கை வாழும் இடமும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், சோகநாசினி என்றும் அழைக்கப்பெறும் ஆற்றின் கரையில் சித்தூர் அமைந்துள்ளது. அங்கிருந்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வழியாகக் கிழக்கே சென்றால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். நெல்லும் தென்னையும் விளையும் இவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் அருகருகே வாழ்கின்றன. திருமண உறவும் சந்தை வணிகமும் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை.

இங்குள்ள ஒரு குடும்பத்துக்கு நள்ளிரவில் மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்படுகிறது என்று கொள்வோம். கைமாற்றாகப் பணம் தந்து உதவுபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராகவோ நெருங்கிய உறவினராகவோ இருப்பார். அதே குடும்பத்துக்கு, தேங்காய்க்கு எங்கே நல்ல விலை கிடைக்கிறது என்று சொல்பவரோ பொள்ளாச்சிச் சந்தையில் எப்போதாவது காணும் அறிமுகக்காரராக இருக்கலாம். இருவரும் அக்குடும்பத்தின் உறவு வலையில் இருப்பவர்களே. ஆயினும் இருவர் செய்யும் பணியும் ஒன்றன்று. ஒருவர் தருவது நம்பிக்கை. மற்றவர் தருவது செய்தி. இவ்வேறுபாட்டைச் சமூக வலைப்பின்னல் பற்றிய ஆய்வுகள் கடந்த ஐம்பது ஆண்டுகளாகத் துருவி ஆராய்ந்து வருகின்றன. அவற்றின் முடிவுகள் வங்கி வாடிக்கையாளராகிய நம் ஒவ்வொருவருக்கும் பயன் தருவன.

தூரத்து அறிமுகத்தின் வலிமை

1973ஆம் ஆண்டு மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலமாகப் புதிய வேலை பெற்றவர்களிடம், அச்செய்தியைச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டிருந்தார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்கினரே. ஏனையோர் எப்போதாவது அல்லது மிக அரிதாகச் சந்திப்பவரிடமிருந்தே செய்தி பெற்றிருந்தனர்.

காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும், நமக்கும் முன்னரே தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகக்காரரோ வேறொரு வட்டத்தில் உலவுபவர். நாம் அறியாத செய்தி அவ்வழியாகவே நம்மை வந்தடைகிறது. லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை ஐந்தாண்டுகள் கவனித்து 2022இல் வெளியான ஆய்வு, இக்கருத்தை இணையத்திலும் சோதித்தது. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவை மிக நெருங்கிய தொடர்புகளும் அல்ல, பெயரளவிலான தொடர்புகளும் அல்ல. ஓரளவு தளர்ந்த இடைநிலைத் தொடர்புகளே.

கர்நாடகச் சிற்றூர்களில் கடன் செய்தி

வேலைச் செய்தி போலவே கடன் பற்றிய செய்தியும் உறவு வலையில் பயணம் செய்கிறது. அதை அருகிருந்து கண்ட ஆய்வு நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில் நடைபெற்றது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோருடன் அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் ஆகிய பொருளியலாளர்கள் இதனை மேற்கொண்டனர். 2006இல் 75 சிற்றூர்களில், யார் வீட்டுக்கு யார் செல்கிறார்கள், அரிசியோ மண்ணெண்ணெயோ தீர்ந்தால் யாரிடம் கேட்கிறார்கள், யாருடன் கோயிலுக்குப் போகிறார்கள், யாரிடம் கடன் கேட்பார்கள் என்றெல்லாம் வினவி, ஒவ்வோர் ஊரின் உறவு வலையையும் வரைந்தனர். அதன்பின் ஒரு நுண்கடன் நிறுவனம் அவற்றுள் 43 ஊர்களில் பணியைத் தொடங்கியது. ஆசிரியர், கடைக்காரர், சுயஉதவிக் குழுத் தலைவி போன்றோரிடம் முதலில் செய்தி சொல்வது அந்நிறுவனத்தின் வழக்கம்.

2013இல் வெளியான முடிவு இது: முதலில் செய்தி கேட்டவர்கள் உறவு வலையின் நடுவில் இருந்த ஊர்களில் அதிகம் பேர் கடன் திட்டத்தில் சேர்ந்தனர். இங்கே நடுவில் இருப்பது என்பது, அறிமுகங்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. அந்த அறிமுகங்களும் பலரை அறிந்தவர்களாக இருத்தல் வேண்டும். மேலும், கடன் வாங்கியவர்கள் மட்டுமன்றி, தாம் வாங்காதவர்களும் செய்தியைப் பிறருக்குச் சொன்னார்கள். ஒருவர் சொல்வது குறைவாயினும், வாங்காதோர் எண்ணிக்கை மிகுதியாதலால் செய்திப் பரவலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது. செய்தி தெரிந்தபின் சேர்வதா வேண்டாமா என்ற முடிவில், நண்பர் சேர்ந்தாரா என்பது குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கவில்லை. உறவு வலை செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தது. முடிவை மக்கள் தாமே எடுத்தனர்.

பின்னர் வேறு 213 ஊர்களில் இதே ஆய்வாளர் குழுவினர் இன்னொரு சோதனை செய்தனர். ஊர் முழுவதும் ஒரு செய்தி பரவ வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று மக்களையே கேட்டனர். மக்கள் பெயர் சொன்னவரிடம் செய்தியைத் தந்தபோது, எவரோ ஒருவரிடம் தந்ததைக் காட்டிலும் அது பரவலாகச் சென்றது. ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னபோது அத்தகைய மிகுதியான பயன் கிட்டவில்லை. எந்த வரைபடமும் இன்றி, தம் ஊரின் நாவு எது என்பதை மக்கள் அறிந்தே இருக்கிறார்கள்.

கடன் வந்தபின் உறவு

அந்த 75 ஊர்களுக்கும் ஆய்வாளர்கள் 2012இல் மீண்டும் சென்றனர். 2024இல் வெளியான அதன் முடிவு, வங்கித் தொழிலில் உள்ளவர்களும் சிந்திக்க வேண்டிய ஒன்று. நுண்கடன் வந்த ஊர்களில், வராத ஊர்களை விட உறவு இணைப்புகள் குறைந்திருந்தன. கடன் பெற்றவருக்கு அண்டை வீட்டாரின் கைமாற்று முன்போல் தேவைப்படாமை வியப்பன்று. ஆனால் கடன் வாங்கும் வாய்ப்புக் குறைந்தவர்களும் தமக்குள் இருந்த தொடர்புகளை அதே அளவுக்கு இழந்திருந்தனர். பலர் கூடிப் பேசும் இடத்திலேயே புதிய உறவுகள் முளைக்கின்றன, பழையவை புதுப்பிக்கப்படுகின்றன. சிலர் அங்கே வருவதை நிறுத்தும்போது, எஞ்சியவர்கள் ஒருவரையொருவர் காணும் வாய்ப்பும் சுருங்குகிறது. இதுவே ஆய்வாளர் தரும் விளக்கம்.

இதனால் வங்கிக் கடன் தீது என்பது பொருளன்று. பருவம் பொய்க்கும் ஆண்டில் ஓர் ஊரில் அனைவருக்கும் ஒரே வேளையில் முடை வரும். அப்போது அண்டை வீட்டாரால் உதவ இயலாது. வெளியிலிருந்து வரும் கடனே கைகொடுக்கும். நாம் கற்க வேண்டியது வேறு: கணக்கில் பணம் இருக்கும் காலத்திலும் திண்ணைப் பேச்சை விட்டுவிடலாகாது. தமிழகத்தில் மொய் எழுதும் நோட்டுப் புத்தகமும், கேரளத்தில் தலைமுறைகளாக நடக்கும் குறிச் சீட்டும் பணத்தைச் சுழற்றுவதோடு உறவையும் புதுப்பிக்கின்றன. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ திட்டத்தின் அயல்கூட்டங்கள் இவ்வகையில் கருதத்தக்கவை. பத்து முதல் இருபது பெண்கள் கூடிச் சேமிக்கிறார்கள். வங்கிக் கடனும் பெறுகிறார்கள். அங்கே கடன் வந்தாலும் கூட்டம் கலைவதில்லை. கடனுக்கு அடிப்படையே அக்கூட்டந்தான்.

கைப்பேசிக்குள் ஓர் ஊர்

இன்று நம் உறவு வலையின் பெரும்பகுதி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. இங்கேதான் செய்தி வரும் வழியும் நம்பிக்கை வாழும் இடமும் ஒன்றுபோல் தோன்றி நம்மை ஏமாற்றுகின்றன. சந்தையில் ஒருவர் சொன்னால், இதை நீங்கள் எப்படி அறிந்தீர்கள் என்று கேட்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் மகன் பெயரில் ஒரு செய்தி வந்தால் அவ்வாறு கேட்பதில்லை. அது அவர் எழுதியதன்று. எங்கிருந்தோ வந்ததை அவர் மேலனுப்பியிருக்கலாம். அவர்மீது உள்ள நம்பிக்கையை நாம் அச்செய்திக்குக் கடனாகக் கொடுத்துவிடுகிறோம்.

ட்விட்டர் தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, மெய்யை விடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று கண்டது. 1,500 பேரைச் சென்றடைய மெய்க்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு காலம் தேவைப்பட்டது. இதற்குக் காரணம் கணினி நிரல்கள் அல்ல, மனிதர்களே. பொய்யில் இருந்த புதுமையே அவர்களை ஈர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. வதந்திகளால் உயிரிழப்புகள் நேர்ந்தபின், அதே ஆண்டில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது.

பண மோசடி செய்வோர் பயன்படுத்துவதும் இதே வழிதான். உடனடிக் கடன் தரும் செயலி, பல மடங்கு இலாபம் தரும் முதலீடு, வங்கிக் கணக்கு முடங்கப்போவதாக மிரட்டும் குறுஞ்செய்தி ஆகியவை அறிமுகமான ஒருவர் வழியாக வரும்போது நம் எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது. சில வேளைகளில் அந்த அறிமுகக்காரரின் கணக்கே பிறர் கைக்குப் போயிருக்கும்.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

செய்தியை எவரிடமிருந்தும் பெறலாம். பணத்தைப் பற்றிய முடிவை மட்டும் மூலத்தை அறிந்த பின்னரே எடுத்தல் வேண்டும். கடன், வைப்பு, காப்பீடு குறித்து எவர் வழியாக அறிந்தாலும், வங்கிக் கிளையிலோ வங்கியின் அதிகாரபூர்வ எண்ணிலோ உறுதி செய்துகொள்க. உறவினர் பெயரில் பணம் கேட்டுச் செய்தி வந்தால், அவரிடம் முன்பே பேசிவந்த எண்ணில் அழைத்துப் பேசியபின் அனுப்புக. ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் பகிரலாகாது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். உறுதி செய்யாத செய்தியை நாம் மேலனுப்பினால், நம்மை நம்புகின்ற ஒருவரின் சேமிப்பை ஆபத்துக்கு உள்ளாக்குகிறோம்.

கைப்பேசியில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கலாம். நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருபவர்கள் ஒரு சிலரே. அவர்களை வாரம் ஒருமுறையேனும் நேரில் கண்டு பேசுவது, எந்த வட்டி விகிதத்தாலும் அளக்க இயலாத சேமிப்பு.