உறுதியில் ஒரு வரி

மட்டக்களப்பு வாவிக்கு எழுவான்கரை என்றாலும் படுவான்கரை என்றாலும், மகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகள் பெயருக்குப் போகும். தாயும் தகப்பனும் அடுத்த மகளுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள். வயது போன காலத்தில் கடைசி மகளோடு ஒதுங்குவார்கள். இப்பகுதியின் பழைய வழமையான முக்குவர் சட்டத்தின் தாய்வழி மரபுரிமை 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு சட்டப் பலத்தை இழந்தது. பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம் மட்டும் போகவில்லை.

அந்த வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பெண்ணைத் தாயின் பக்கத்தில், சொந்தக் கூரையின் கீழ் வைத்த வழக்கம் அது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயருக்கு எழுதப்பட்டபோது நாம் இழந்தது கொஞ்சமல்ல.

வீட்டைக் காசாகப் பார்க்கத் தொடங்கும்போதுதான் நோவு வருகிறது. வெளிநாடு போக முகவருக்குக் கட்ட வேண்டும், கடை போட வேண்டும், பழைய கடனை அடைக்க வேண்டும். உறுதி ஈட்டுக்குப் போகிறது. கட்ட முடியாமல் போனால் வீடு கைமாறுகிறது. பின் அறையில் பாய் போட்டுப் படுத்திருந்த தாய்க்கு அந்த வளவில் சட்டப்படி எதுவும் மிச்சமில்லை. “அம்மா எங்க போறது?” என்று மகளே அழுகிறாள். அவளும் கெட்டவள் அல்ல.

இதைத் தடுக்க ஒரு வரி போதும்: சீவிய உரித்து. நன்கொடை உறுதி எழுதும்போது, தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அதன் பயனை அனுபவிக்கவும் தங்களுக்கு உள்ள உரிமையை ஒதுக்கி வைக்கலாம். மகள் பிறகு விற்றாலும், வாங்கியவர் அவர்களை எழுப்ப முடியாது. ஈடு கொடுப்பவரும் யோசிப்பார். கவனிக்க வேண்டியது ஒன்று: முத்திரைச் செலவுக்கோ அவசரத்துக்கோ நன்கொடையை விற்பனையாக, அறுதி உறுதியாக எழுதிவிடாதீர்கள். விற்றதாகக் கையெழுத்து வைத்தவர் கொடுத்ததாகச் சொல்லித் திருப்பிக் கேட்பது மிகக் கடினம். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் நொத்தாரிசுக்கு முன் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

ஏற்கெனவே எழுதிவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. நன்கொடை பெற்ற பிள்ளை பாரிய நன்றிகேடு செய்தால், 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் வழக்கிட்டு உறுதியை இரத்துச் செய்யக் கேட்கலாம். அதற்குக் கால வரையறை உண்டு. வருடக்கணக்கில் பொறுத்திருந்தால் வழக்கே நில்லாமல் போகும். 60 வயது நிரம்பியவரைப் பிள்ளைகள் பராமரிக்காவிட்டால், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை மூலம் பிள்ளைகளிடம் கொடுப்பனவு கோரலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். அடி, மிரட்டல், தொடர்ந்த இழிவுபடுத்தல் என்று போனால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெற்றோரையும் காக்கிறது. நீதவான் நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மகள்மாருக்கும் ஒரு சொல். மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் சம்மதம் கேட்கும் யாழ்ப்பாணத்துத் தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. உங்கள் பெயரிலுள்ள வீட்டுக்கு உங்கள் கையெழுத்தே முடிவு. ஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வை என்று யார் நெருக்கினாலும் மறுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சீவிய உரித்துக் கேட்டால் “எங்கள நம்பல்லையா?” என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கக்கூடும். அதற்குப் பயந்துதான் பல தகப்பன்மார் வாய் திறப்பதில்லை. தரகர் பேச்சுக்கு வரும் முதல் நாளே, தேநீர் கொடுக்கும்போதே, அதைச் சொல்லிவிடுங்கள். கல்யாண நாள் குறித்த பிறகு சொல்வதுதான் சண்டையாகிறது. நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்டும்போது அந்த வரி வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வராவிட்டால் பேனையைக் கீழே வையுங்கள்.