நிறம் நிற்கும், பெயர் மாறும்!
– ஈஸ்ட் பெங்கால் ஜெர்சி சொல்லும் வியாபாரப் பாடம் –

நமது ஆரம்பாக்கம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு முனை சென்னை, மறுமுனை கொல்கத்தா. அந்த மறுமுனையில் நூறாண்டு கடந்த ஒரு கால்பந்து அணி, தன் சட்டையின் நிறத்தை ஒரு கடையில்தான் கண்டெடுத்தது. வணிகர்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ஈஸ்ட் பெங்கால் சங்கம் 1920 ஆகஸ்ட் 1 அன்று உதயமானது. ஜோராபாகான் அணி சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஒதுக்கியதால் மனம் கசந்த சுரேஷ் சந்திர சௌத்ரி, விலகி வந்து நண்பர்களோடு புதுச்சங்கம் கண்டார். அணி தயார், சட்டைக்கு நிறம் வேண்டுமே! சௌரிங்கியில் இருந்த ஒயிட்டவே லெய்ட்லா என்ற பெரிய கடையில், பார்வைக்குத் தொங்கிய சிவப்பும் தங்க மஞ்சளும் கலந்த சட்டை அவர்கள் கண்ணைக் கவர்ந்ததாம். அதுவே அணியின் நிறமாயிற்று. இந்தக் கம்பெனிக்குச் சென்னை மவுண்ட் ரோட்டிலும் கிளை இருந்தது. கடை வாசலில் சரக்கைக் கண்ணில் படும்படி தொங்கவிடுவதன் பலனுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்தச் சட்டையைப் பிரபலமாக்கியதில் தென்னாட்டவர் பங்கும் பெரிது. அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே, வெங்கடேஷ் ஆகிய ஐவரையும் 'பஞ்ச பாண்டவர்' என்றே கொல்கத்தா கொண்டாடியது.

மார்பில் ஏறிய விளம்பரம்

நெடுங்காலம் சட்டையில் நிறம் மட்டுமே பேசியது. 1998ல் யு.பி. குழுமம் கைகோர்த்ததும் அணியின் பெயரே 'கிங்பிஷர் ஈஸ்ட் பெங்கால்' ஆயிற்று. எதிரணியான மோகன் பகானும் அதே குழுமத்தின் 'மெக்டவல்' பெயரைச் சுமந்தது. எதிரெதிர்க் கடை இரண்டிலும் சரக்கு போடும் மொத்த வியாபாரியின் சாமர்த்தியம்தான் இது! 2018ல் குவெஸ், 2020ல் ஸ்ரீ சிமெண்ட், 2022ல் இமாமி என்று பங்குதாரர்கள் மாறி மாறி வந்தார்கள். சிவப்பும் தங்க மஞ்சளும் மட்டும் மாறவில்லை.

மோகன் பகான் கதையும் இதுவே. 2020ல் ஏ.டி.கே. அணியோடு இணைந்தபோது பச்சை-மெரூன் நிறம் காப்பாற்றப்பட்டது. ஆனாலும் பெயருக்கு முன்னால் ஒட்டிய மூன்றெழுத்தை ரசிகர்கள் ஏற்கவில்லை. 2023ல் அது நீக்கப்பட்டது. வாடிக்கையாளர் மனதில் பதிந்ததைப் பணம் போட்டவராலும் அழிக்க முடியாது.

நமக்கு என்ன பாடம்?

விளம்பரப் பெயர் அச்சிட்ட ஜெர்சி, அந்த ஒப்பந்தம் முடிந்த மறுநாளே பழைய சரக்கு. நூறு உருப்படி வாங்கி நாற்பது தேங்கினால், விற்ற அறுபதின் லாபமும் அதோடு போகும். முதல் குறைந்த சில்லறைக் கடைக்காரர் இதைத் தாங்கமாட்டார். ஆகவே அச்சிட்ட சரக்கைக் குறைவாகவும், நிறம் மட்டுமுள்ள வெறும் ஜெர்சியைத் தாராளமாகவும் வாங்குவதே பாதுகாப்பு. 2014ல் தொடங்கிய சென்னையின் எப்.சி.யும் நீலத்தாலேயே அறியப்படுகிறது. நீல ஜெர்சி என்றும் விலைபோகும்.

போலிச் சின்னம் பதித்த மலிவுச் சரக்கைத் தொடவே வேண்டாம். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி, அதை விற்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'நாம் அச்சடிக்கவில்லையே' என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் பந்தாடும் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயரும் எண்ணும் மார்பில் இருந்தால் போதும். வெறும் ஜெர்சி வைத்திருப்பவர் கேட்ட அன்றே அச்சடித்துக் கொடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் குப்பங்களில் காசுப் புழக்கம் குறையும். கொள்முதலை அதற்கேற்ப அடக்கிக்கொள்க.

ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு நிறத்தை நிலைநிறுத்திக் கொடுங்கள். ஆண்டுதோறும் அதே நிறம் கேட்டு உங்கள் கடைப்படியே ஏறுவார்கள்.