பழுது எப்போது வந்தது?

பழைய கார் வாங்கி ஏமாந்தவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஆனால் ஒரு கேள்விக்கு அவர் பதில் வைத்திருக்க வேண்டும்.

2025 ஜூனில் இன்ஸ்டாகிராம் வீடியோக்கள் கூமாப்பட்டியைத் தமிழகம் முழுக்கத் தெரிந்த ஊராக்கின. பிளவக்கல் அணையையும் மலையடிவாரத் தோப்புகளையும் தேடி வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கின. அந்தக் கூட்டத்தை நம்பி உள்ளூர்க்காரர் ஒருவர் வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டு கார் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து நகரத்து கார் கன்சல்டிங்கில் மூன்றரை லட்சம். “ஒரே கையில ஓடுன வண்டி அண்ணாச்சி, கம்பெனி சர்வீஸ். பெட்ரோல் போட்டு ஓட்ட வேண்டியதுதான், வேற செலவே கிடையாது.”

இரண்டு வாரம் ஆவதற்குள், வத்திராயிருப்பைத் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, இது ஏற்கெனவே ஒருமுறை திறந்து மூடிய எஞ்சின் என்கிறார் பட்டறைக்காரர். கன்சல்டிங்குக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கிறது: “குடுக்கும்போது நல்லாத்தானே ஓடுச்சு? நீங்களே ஓட்டிப் பாத்துத்தானே எடுத்தீங்க?”

பழைய கார் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளில்தான் முட்டி நிற்கின்றன. பழுது விற்ற நாளிலேயே இருந்ததா, வாங்கிய பிறகு வந்ததா? இதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல முடிந்தவருக்குப் பணம் திரும்பி வர வழியுண்டு. முடியாதவருக்குப் பட்டறைச் செலவுதான் மிச்சம்.

பழசுக்கும் சட்டம் உண்டு

“பழைய வண்டிக்கு ஏதுங்க கேஸு?” என்று விற்பவரும் சொல்வார், வாங்கியவரும் நம்பிவிடுவார். சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் புதுப் பொருள், பழைய பொருள் என்று பிரிக்கவில்லை. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. அதே பிரிவில் வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நேரில் சோதித்து வாங்கினால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு விற்றவரைப் பிடிக்க முடியாது. தேய்ந்த டயரையும் கீறல் விழுந்த பம்பரையும் காட்டி வழக்குப் போட முடியாது. பிரித்தால் மட்டுமே தெரியும் எஞ்சின் கோளாறு அந்தக் கணக்கில் வராது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னொரு கதவைத் திறக்கிறது. வியாபார நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அது சொன்னாலும், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவருக்கு விலக்குத் தருகிறது. தானே ஓட்டிச் சம்பாதிக்க ஒரு வாடகைக் கார் வாங்கிய கூமாப்பட்டிக்காரர் நுகர்வோர்தான். பத்து கார் வைத்து டிராவல்ஸ் நடத்துபவருக்கு இது பொருந்துவது கடினம்.

“நான் புரோக்கர் மட்டும்தான்”

தகராறு முற்றியதும் கன்சல்டிங்காரர் எடுக்கும் அடுத்த ஆயுதம் இது. வண்டி ஆர்சி புக்கில் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். அவர் வெற்றுப் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நடுவில் விலைக்கு வாங்கி லாபம் வைத்து விற்ற கடைக்காரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. “விற்றது அவர், நான் ஆளைக் காட்டினேன், கமிஷன் வாங்கினேன்” என்று ஒதுங்க இதுவே வழி. தனிமனிதர் தன் சொந்தக் காரை எப்போதோ ஒருமுறை விற்றால் அவரை வியாபாரி என்று நுகர்வோர் ஆணையத்துக்கு இழுப்பது சிரமம். உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கும். கடைக்காரருக்கு இது தெரியும்.

இந்த ஓட்டையை அடைக்கவே 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகள் போக்குவரத்துத் துறையில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியைக் கடையில் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். எனவே கடைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி வண்டியைப் பற்றியதே அல்ல. “உங்க டீலர் அங்கீகாரச் சான்றைக் காட்டுங்க.”

விற்பவருக்கும் இதில் பாடம் உண்டு. 2007-இல் விற்ற கார் கை மாறிக் கை மாறிப் போய் 2009-இல் விபத்தில் சிக்கிய ஒரு வழக்கில், ஆர்சி புக்கில் பெயர் மாறாததால் முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களிலும் வாங்கியவர் 30 நாட்களிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு.

பிரிக்காதீர்கள்

வண்டி நின்றவுடன் செய்யும் பெரிய தவறு, கோபத்தில் பட்டறையில் விட்டு எஞ்சினை இறக்கச் சொல்வது. பிரித்த எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அதன்பின் சாட்சி கிடையாது. “இவங்க மெக்கானிக்தான் கெடுத்தான்” என்ற வாதத்தை நாமே எதிரிக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் வண்டியை நிறுத்துங்கள். நின்ற இடம், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், எரியும் எச்சரிக்கை விளக்குகள், கசிவு எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். அதே நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு டோ செய்து, ஸ்கேனரில் வரும் கோளாறுக் குறிகளையும் பரிசோதனை அறிக்கையையும் எழுத்தில் வாங்குங்கள். அதே இடத்தில் வண்டியின் சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள். ஒவ்வொரு வரவிலும் அன்றைய கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். மூன்று வருடத்துக்கு முன் 1,10,000 காட்டிய வண்டி உங்களிடம் 62,000 என்று வந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழைய ஹெட் கேஸ்கட் வேலையும் அங்கேயே சிக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்றும் பாருங்கள். 2023 டிசம்பரில் சென்னையை மிக்ஜாம் புயல் மூழ்கடித்தது. அதே மாதம் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. காப்பீட்டு நிறுவனங்கள் முழுச்சேதம் என்று கழித்த கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்துச் சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாளமும் ஸ்டெப்னி குழியும் துருப்பிடித்திருக்கும்.

இவ்வளவும் கையில் வந்தபின் கடைக்காரருக்கு எழுதுங்கள். இன்ன தேதியில் வாங்கினேன், இன்ன நாளில் இன்ன பழுது, சர்வீஸ் சென்டர் அறிக்கை இது. பதினைந்து நாட்களுக்குள் உங்கள் மெக்கானிக்கை அழைத்து வந்து கூட்டாகச் சோதியுங்கள், சரிசெய்யுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட், வாட்ஸ்அப் இரண்டிலும் அனுப்புங்கள். கூட்டுச் சோதனைக்கு அழைத்தும் வராதவர் பிறகு “எனக்குக் காட்டவே இல்லை” என்று சொல்ல முடியாது. பேசித் தீர்க்க இதுதான் நல்ல தருணமும்கூட. பாதிச் செலவை ஏற்கிறேன் என்று அவர் வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இந்தக் கட்டத்தில் உதவும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ்

பேச்சு பலிக்கவில்லை என்றால் ஆணையம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இயங்குவது ஸ்ரீவில்லிபுத்தூரில். கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாக பஸ் ஏறினால் போதும். கார் வாங்கியது மதுரையிலோ சென்னையிலோ இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் ஊருக்கு உரிய ஆணையத்திலேயே புகார் செய்யலாம் என்பது 2019 சட்டத்தின் பெரிய வரம். பில்லின் அடியில் “சென்னை நீதிமன்றத்துக்கு உட்பட்டது” என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் தீர்ப்புக்கான ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் புகாரை அது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது.

கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்தாக வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாட்களில், மிஞ்சிப்போனால் 45 நாட்களில் பதில் தர வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று 2020-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. மூன்று மாதங்களில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படி ஏறுங்கள். நடுநிலை நிபுணர் ஒருவரைக் கொண்டு வண்டியைச் சோதிக்க உத்தரவிடும்படி முதல் மனுவோடு கேட்டுவிடுங்கள். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

யார்மீது புகார் என்பதிலும் கவனம் தேவை. கோவாவில் ஒரு டீலர், 2009-இல் தயாராகி 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காரை 2011 மாடல் புதுக் கார் என்று ஒருவர் தலையில் கட்டினார். வாங்கியவர் டீலரோடு டாடா மோட்டார்ஸையும் சேர்த்து வழக்குப் போட்டு, தேசிய ஆணையம் வரை வென்றார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் டாடாவை மட்டும் விடுவித்தது. டீலர் செய்த தில்லுமுல்லு நிறுவனத்துக்குத் தெரியும் என்று நிரூபிக்காமல் அதைப் பொறுப்பாக்க முடியாது என்றது. பெரிய பெயரைச் சேர்த்தால் பணம் சுலபமாக வரும் என்ற கணக்கு எப்போதும் பலிக்காது. கையில் பணம் வாங்கியவரைக் காகிதத்தில் பிடித்து வைத்திருப்பதே முக்கியம்.

சுமை யார் தலையில்?

இத்தனை ஓட்டமும் எதற்காக? பழுது முன்பே இருந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு, பட்டறை அறிவில்லாத வாங்கியவர் தலையில் இருப்பதால். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் அது தலைகீழ். வியாபாரியிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று வியாபாரி நிரூபிக்கட்டும். பழைய கார்களுக்கும் இது உண்டு, வண்டியின் வயதையும் விலையையும் பார்த்து. பிரிட்டனின் 2015 சட்டமும் இதே ஆறு மாத அனுமானத்தைத் தருகிறது. முதல் 30 நாட்களில் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கவும் விடுகிறது. இந்தியாவில் பழைய கார்களுக்கென்று இப்படி ஒரு விதி இல்லை.

இது வியாபாரிக்கு எதிரான யோசனை என்று தோன்றலாம். பழைய கார் சந்தையை வைத்தே 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஆகர்லாஃப். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைதான் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. அவர் சொன்னது எளிமையானது. எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது அவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டியைக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். நேர்மையாக வண்டி விற்கும் கன்சல்டிங்காரர்தான் இதில் முதலில் நஷ்டப்படுகிறார்.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பில்லோடு ஒரே ஒரு தாள் போதும். மீட்டரில் உள்ள கிலோமீட்டர், விபத்தோ வெள்ளமோ உண்டா இல்லையா, எஞ்சின் திறந்ததா, எத்தனை நாள் பொறுப்பு என்று கடைக்காரர் எழுதிக் கையெழுத்திட்ட தாள். வண்டியில் நம்பிக்கை உள்ளவருக்கு அதைக் கொடுப்பதில் ஒரு ரூபாய்ச் செலவும் இல்லை. தரமாட்டேன் என்று நழுவும் பக்கத்துக் கடைக்காரரைவிடப் பத்தாயிரம் கூடுதலாகவே அவர் விலை சொல்லலாம். அந்தத் தாளுக்காக அதைக் கொடுத்து வாங்குவதும் லாபம்தான்.