எட்டு உலைப் பந்தி

மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒருநாள் இந்த அலுப்பு வந்தே தீரும்: இரும்பு உருகும்வரை உலைக்குப் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டுமா? வேண்டாம். ஆனால் அந்த உலையைத் தானாக ஓடவைப்பது, அதுவும் சின்ன இடத்துக்குள், பார்ப்பதற்குத் தோன்றும் அளவு எளிதல்ல.

அந்த உலகத்தின் உலை ஒரு பொருளை உருக்க 10 விநாடி எடுக்கும். ஒரு கரித்துண்டு 80 விநாடி எரியும். எட்டுப் பொருளுக்குக் காணும். 2013-ல் வந்த ஹாப்பர் என்ற கட்டைதான் இங்கே வேலைக்காரன். மாவு மில்லில் தானியம் கொட்டுகிற வாயைப் போல இருக்கும். உலையின் தலைமேல் வைத்தால் அது தருவதை உருக்க வேண்டிய சரக்காக உலை வாங்கும். பக்கவாட்டில் பொருத்தினால் எரிபொருளாக வாங்கும். அடியில் வைத்த ஹாப்பர் உருகியதை இழுத்துப் பெட்டியில் சேர்க்கும். மூன்று ஹாப்பர், மூன்று பெட்டி, நடுவில் ஓர் உலை, ஆள் தேவையில்லை.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ஹாப்பர் 0.4 விநாடிக்கு ஒரு பொருளைத் தள்ளும். உலையோ பத்து விநாடிக்கு ஒன்றுதான் முடிக்கும். ஆக ஒரே ஹாப்பர் 25 உலைகளுக்குத் தீனி போடலாம். 64 பொருளை ஓர் உலையிடம் விட்டால் 640 விநாடி, பத்து நிமிடத்துக்கு மேல். எட்டு உலைகளுக்கு எட்டெட்டாகப் பிரித்தால் 80 விநாடி. உலைக்கு ஒரு கரி, மிச்சமே இல்லை. எனக்கு இந்தக் கணக்கின் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் யார் பிரிப்பது? ஹாப்பர்களை வரிசையாகக் கோத்தால் முதல் இலையிலேயே சோற்றைக் கொட்டிவிட்டுப் போகிற பரிமாறுபவர் கதைதான். முன்னால் இருக்கும் உலைக்குப் பெரும்பங்கு, கடைசி உலை பட்டினி. அதற்கு ஒரு வண்டி வேண்டும். உலைகளின் மேல் ஹாப்பர்கள், அவற்றின் மேல் தண்டவாளம், அதில் ஹாப்பர் பூட்டிய சுரங்க வண்டி. வண்டி போய்வரப் போய்வர, கீழே இருப்பவை ஒன்றிரண்டாக எடுத்துக்கொள்ளும். கரிக்கு இவ்வளவு கவனம் வேண்டாம். உருக்கச் சரக்கு இல்லாதவரை உலை புதுக் கரியைப் பற்றவைக்காது. பற்றவைத்த கரி மட்டும் பாதியில் அணையாது. ஐந்து பொருள் மட்டுமே வந்தால் மூன்றுக்கான சூடு வீண்.

இத்தனை உலைகளை ஒட்டி ஒட்டி அடுக்க முடிவதற்குக் காரணம், இங்கே சூடு கசிவதே இல்லை என்பதுதான். நிஜச் சூளைக்காரரின் தலைவலியே அந்தச் சூடு. 1858-ல் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஹாஃப்மன் காப்புரிமை பெற்ற வட்டச் சூளையில் செங்கல் அசையாது, நெருப்புதான் நகரும். உள்ளே வரும் காற்று, ஆறுகிற செங்கல்லின் சூட்டை வாங்கிக்கொண்டே நெருப்பிடம் போகும். மைன்கிராஃப்ட் உலையில் மிச்சம் பிடிக்கக்கூடியது நேரமும் கரியும்தான்.

ஒரு ஹாப்பருக்கு ஐந்து இரும்புக் கட்டி தேவை. எட்டு உலைகளுக்கு 24 ஹாப்பர், 120 கட்டி. அவற்றைக் கையால் கரி போட்டு ஒரே உலையில் உருக்கினால் 1,200 விநாடி, அதாவது 20 நிமிடம். மைன்கிராஃப்டில் ஒரு முழு நாளின் நீளமும் அதுவே.