பின்பக்கம் ஏன் வழுக்குது? ஒரு ஆர்.சி. காரை டீபக் செய்த கதை

ஒரே நேரத்துல நாலு செட்டிங்கை மாத்தாதீங்கன்னு இந்த வார எபிசோட்ல சொன்னேன் இல்லையா? சொன்ன நானே அதை மீறி மூணு வெள்ளிக்கிழமையை வீணாக்கியிருக்கேன். சர்வர்ல இல்லை, ஒரு ரிமோட் கார்ல.

நான் இருக்கிறது ஜுபைல் இண்டஸ்ட்ரியல் சிட்டி. 1975ல ராயல் கமிஷன் அமைச்ச பிறகு வளைகுடா கரையில எழுந்த ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆலைதான். வெள்ளிக்கிழமை விடியற்காலையில ஃபனாதீர் கடற்கரைப் பக்கம் பார்க்கிங் காலியா கிடக்கும். என் டெஸ்ட் டிராக் அதுதான்.

வண்டி 1/10 அளவு எலக்ட்ரிக் டிரக். மோட்டார் பின்சக்கரத்தை மட்டும்தான் ஓட்டும். கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போகும்போது எட்டு வயசு மகனுக்குக் கொண்டுபோக வாங்கினேன். வீடியோ கால்ல ஓட்டிக் காட்டினா, ஒவ்வொரு வளைவுலயும் வால் வீசி பம்பரமா சுத்தி நின்னுடும். "அப்பா, இது ரிப்பேர் காரா?"ன்னு கேட்டுட்டான். வருஷத்துல ஒரு மாசம்தான் நான் அவனுக்கு நேர்ல இருக்கிற அப்பா. அந்த ஒரு மாசத்தை ரிப்பேர் காரோட தொடங்க மனசு வரலை.

முதல் தப்பு

மெல்லிசான ஸ்பிரிங், வேற ஆயில், புது டயர் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினேன். கொஞ்சம் தேவலாம்னு தோணுச்சு. எதனாலன்னு தெரியலை. அடுத்த வாரம் ஷமால் காத்து அடிச்சு தார் மேல மணல் படிஞ்சிருந்துச்சு, பழையபடி சுத்துச்சு. அதுக்கும் காரணம் தெரியலை. எல்லாத்தையும் கழட்டி கம்பெனி செட்டிங்குக்கே ரோல்பேக் பண்ணினேன். ஒரு நோட்டு வாங்கினேன்.

எப்போ வழுக்குது?

முதல்ல எழுதின கேள்வி இதுதான். வளைவுக்குள்ள நுழையும்போதா, வெளிய வரும்போதா? போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்துப் பார்த்தேன். ரெண்டுலயும்தான், ஆனா காரணம் வேற வேற.

நுழையும்போது த்ராட்டிலை விடுறோம், எடை முன்பக்கம் போகுது. அதே நேரத்துல ஸ்பீட் கன்ட்ரோலர்ல இருக்கிற டிராக் பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்குது. எடை குறைஞ்ச டயர்ல பிரேக் போட்டா வழுக்காம என்ன செய்யும்? டிராக் பிரேக்கை பூஜ்யமாக்கினேன். பாதிப் பிரச்சினை ஒரு ஸ்பேனர் கூட எடுக்காம தீர்ந்துச்சு.

வெளிய வரும்போது சுத்தினது சஸ்பென்ஷன் சமாச்சாரம். வளைவுல எடை உள்பக்க டயர்லேர்ந்து வெளிப்பக்க டயருக்குப் போகும். டயர் மேல பாரம் ரெண்டு மடங்கானா பிடிப்பு ரெண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாத்தான் கூடும். அதனால உள் டயர் இழக்கிற அளவை வெளி டயரால ஈடுகட்ட முடியாது. முன், பின் ரெண்டுல எந்தப் பக்கம் இறுக்கமா இருக்கோ, அந்தப் பக்கம்தான் இந்த எடை மாற்றத்துல பெரிய பங்கை வாங்கி, பிடிப்பையும் அதிகமா இழக்கும்.

இதுலேர்ந்து ரெண்டு வழி கிடைக்குது. பின்பக்கத்தை இளக்கலாம். இல்லைன்னா முன்பக்கத்தை இறுக்கலாம். ரெண்டாவது வழி எனக்கு உடனே தோணவே இல்லை. பின்னாடி பிரச்சினைன்னா பின்னாடியேதான் நோண்டிக்கிட்டிருந்தேன்.

ஒவ்வொண்ணா மாத்தினது

பின் ஷாக்கோட மேல் முனையை ஒரு ஓட்டை உள்ளே தள்ளினேன். ஷாக் சாயச் சாய சஸ்பென்ஷன் இளகும். செலவே இல்லை, நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது.

அடுத்து ஷாக் ஆயில். வாங்கும்போது 'வெயிட்' நம்பரை நம்பாதீங்க, அது பிராண்டுக்கு பிராண்ட் மாறும். சென்டிஸ்டோக் அளவைப் பாருங்க. பின்பக்கம் 350லேர்ந்து 275க்கு இறக்கினேன். ஒண்ணு கவனிக்கணும், சிலிக்கான் ஆயிலும் சூட்டுல இளகும். ஆறு மணிக்கு சரியா இருந்த வண்டி, ஒன்பது மணி வெயில்ல துள்ளும். அதனால நோட்டுல நேரத்தையும் எழுதுறேன்.

கடைசியா முன்பக்கம் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங். வால் அடங்கிடுச்சு. பதிலுக்கு முன்பக்கம் சட்டுனு திரும்ப மாட்டேங்குது. பின் டோ-இன்னைக் கூட்டினா இன்னும் நேரா போகும், ஆனா டயர் தேயும், வேகமும் குறையும். அதைத் தொடலை. இதுல எதுவுமே இலவசம் இல்லை.

ஆனா இது ஜுபைல் செட்டிங்

போன வெள்ளிக்கிழமை எட்டு போட்டுக் காட்டினேன், ஒரு தடவை கூட சுத்தலை. பையன் கை தட்டினான். அப்புறம் கேட்டான், "நம்ம மாடியிலயும் இப்படியே ஓடுமாப்பா?"

ஓடாது. இங்கே மணல் படிஞ்ச தார். அங்கே சொரசொரப்பான சிமெண்ட் தளம், பிடிப்பு அதிகம். இதே செட்டிங்ல அங்கே வண்டி திரும்பாம நேரா போகலாம், இல்லை வளைவுல கவிழலாம். டெஸ்ட் சர்வர்ல ஓடினது புரொடக்‌ஷன்ல ஓடும்னு நம்பின எல்லாருக்கும் தெரிஞ்ச வலிதான்.

அதனால பழைய ஸ்பிரிங், ரெண்டு பாட்டில் ஆயில், அந்த நோட்டு எல்லாம் பெட்டியில வச்சாச்சு. ஊர்ல மறுபடி முதல்லேர்ந்து பார்க்கணும். "ஸ்க்ரூவை நான்தான் கழட்டுவேன்"னு அவன் இப்பவே சொல்லிட்டான். சரி, ஆனா ஒரு நேரத்துல ஒரு ஸ்க்ரூதான்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.