பாக்கெட்டில் அச்சிட்ட சத்துக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

துவரம் பருப்பு, மிளகாய் வற்றல், கொப்பரை போன்ற சரக்குகளை வாங்கும்போது நாம் கையில் அள்ளிப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், ஒன்றிரண்டைக் கடித்தும் பார்க்கிறோம். பிஸ்கட், நூடுல்ஸ், முறுக்கு, சத்துமாவு என்று கவரில் அடைத்து வரும் சரக்குக்கு இந்தச் சோதனை செல்லாது. கவரில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதை நாமும் நம்புகிறோம், நம்மை நம்பி வாடிக்கையாளரும் வாங்குகிறார். அந்த அச்சு எவ்வளவு தூரம் சரியானது, தவறாக இருந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி, பாக்கெட்டில் கலோரி, புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். 100 சதுர செ.மீ.க்கு மேற்படாத சிறு பாக்கெட்டுகளுக்குச் சத்து விவரத்தில் விலக்கு உண்டு. ஆனால் அவை அடங்கிய பெரிய பெட்டியில் அந்த விவரம் இருக்க வேண்டும். ஆகவே சரக்கு தீரும் வரை அந்தப் பெட்டியைக் கிழித்து எறிந்துவிடக் கூடாது.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன? ஒன்று, ஆய்வகத்தில் சாம்பிள் கொடுத்துப் பரிசோதித்துப் பெறுவது. மற்றொன்று, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்டது போன்ற உணவுச் சத்து அட்டவணைகளைக் கொண்டு, சேர்மானத்தின் அளவுக்கு ஏற்பக் கூட்டிப் போடுவது. எந்த வழியானாலும், கவர் ஒரு முறை அச்சாகிறது, சரக்கோ பல முறை தயாராகிறது. கடலையின் எண்ணெய்ப் பிடிப்பு காட்டுக்குக் காடு மாறும். முறுக்கு குடிக்கும் எண்ணெய் அடுப்பின் சூட்டுக்குத் தக்கபடி மாறும். எனவே சிறிது ஏற்றத்தாழ்வு இயற்கையே. அமெரிக்காவில்கூட கலோரி, கொழுப்பு, சோடியம் போன்றவை அச்சிட்ட அளவைவிட 20 சதவீதம் வரை கூடினால் பொறுத்துக்கொள்கிறார்கள். அச்சிட்ட எண் தோராயமானது என்று கொள்வதே சரி.

தோராயம் வேறு, தவறு வேறு. பெருந்தவறைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை, கல்லாவில் இருக்கும் கால்குலேட்டரே போதும். புரதம் 1 கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து 1 கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 1 கிராமுக்கு 9 கலோரி. உதாரணமாக, 100 கிராம் மிக்சரில் புரதம் 8, மாவுச்சத்து 60, கொழுப்பு 25 கிராம் என்று அச்சிட்டிருந்தால், 32 + 240 + 225 = 497 கலோரி வர வேண்டும். பத்து இருபது குறைந்தாலும் கூடினாலும் பரவாயில்லை. 400 என்று போட்டிருந்தால் அந்த அட்டவணையில் ஏதோ ஓர் எண் தவறு. அதேபோல் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்பதே விதியில் எடுத்துக்கொண்ட கணக்கு.

எண் சரியாக இருந்தும் வாசகம் நம்மைச் சிக்கலில் விடலாம். 2015-இல் நடந்த மேகி நூடுல்ஸ் விவகாரம் யாவரும் அறிந்ததே. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கியில் ஒரு கடையில் எடுத்த சாம்பிளில் தொடங்கியது அது. ஈயம் அளவுக்கு மீறி இருந்ததாக ஒரு குற்றச்சாட்டு. 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்டது மக்களைத் தவறாக எண்ண வைக்கிறது என்பது மற்றொன்று. நாங்கள் அந்த உப்பைத் தனியாகச் சேர்க்கவில்லை, வெங்காயத் தூள், கோதுமை மாவு போன்றவற்றில் குளுட்டமேட் இயற்கையாகவே உண்டு என்றது கம்பெனி. தமிழக அரசு ஜூன் 4-இல் மேகி உட்பட நான்கு நூடுல்ஸ்களுக்கு மூன்று மாதத் தடை விதித்தது. மறுநாள் மத்திய ஆணையம் மேகி முழுவதையும் திரும்பப் பெற உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13-இல் மும்பை உயர் நீதிமன்றம், கம்பெனியின் தரப்பைக் கேட்கவில்லை, பரிசோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்று கூறி அந்த உத்தரவை ரத்து செய்து, மூன்று ஆய்வகங்களில் மறுபரிசோதனைக்கு அனுப்பியது. அதில் ஈயம் வரம்புக்குள் இருந்தது. நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது, அந்த வாசகம் இல்லாமல். லேபிள் மட்டுமல்ல, ஆய்வக அறிக்கையும் கேள்விக்கு உட்பட்டதே என்பதை இந்த வழக்கு காட்டியது.

2025 அக்டோபரில், சர்க்கரை மிகுந்த பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகள் வரக் கூடாது என்று மத்திய ஆணையம் உத்தரவிட்டதும் இதே வகைதான். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு மருந்துக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, லேபிள் தவறு என்றால் வியாபாரிக்கு என்ன? உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006, பிரிவு 27-இன்படி, தப்புக் குறியீடு உள்ள உணவுக்குத் தயாரிப்பாளர் மட்டுமல்ல, மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் பொறுப்பாளிகளே. பிரிவு 52-இல் அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை. தயாரித்தவர் யார், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்கும் நம் தலையில்தான் விழும்.

நமக்குள்ள கவசம் பில். பிரிவு 26-இன்படி, நமக்குச் சரக்கு விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். அவர் கொடுக்கும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். 2022 ஜனவரி முதல் பில்லில் அவரது உணவு உரிம எண்ணும் இருக்க வேண்டும். தக்க எச்சரிக்கையோடு நடந்துகொண்டோம் என்று நிரூபித்தால் பிரிவு 80 நமக்குத் துணை நிற்கும். பில் இல்லாமல் இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் சரக்கில் இந்தத் துணை எதுவும் இல்லை. அதிகாரி சாம்பிள் எடுக்கும்போது அதை நான்கு பாகமாகப் பிரிப்பார். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆய்வு முடிவில் ஆட்சேபம் இருந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் வட்டாரத்தில் வீட்டோடு முறுக்கு, கடலை மிட்டாய், மசாலாத் தூள் தயாரித்துப் பிழைப்பவர்களின் சரக்கை நாம் தொடர்ந்து ஆதரிக்க வேண்டும். ஆனால் பெரிய கம்பெனியின் கவரைப் பார்த்து சத்து அட்டவணையை அப்படியே அச்சடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவர்களை விரட்ட வேண்டாம். "அண்ணா, இந்தக் கணக்கு கூட்டினால் வரலீங்க, அடுத்த கவர் அடிக்கும் முன்னால் ஒரு தடவை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்க" என்று பக்குவமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் தொழிலும் தப்பும், நமது கடையும் தப்பும்.

முடிவாக ஒன்று. "இது சர்க்கரை நோய்க்கு நல்லது", "குழந்தை வளர இது போதும்" என்று கவரில் இல்லாததை நமது வாயால் சேர்க்க வேண்டாம். கேட்பவருக்குக் கவரைத் திருப்பிக் காட்டுவோம், படிக்கத் தெரியாதவருக்கு நாமே படித்துச் சொல்வோம். அச்சிட்ட எண்ணுக்குக் கம்பெனி பொறுப்பு என்றாலும், வாடிக்கையாளர் திரும்ப வந்து கேட்பது நம்மிடம்தான்.